சேகரின் பட்டியலில் இருந்த இடைவெளிகள்

1

டிசம்பர் பத்தாம் தேதிக்குள் பட்டியல் வந்துவிட வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டு வெளிவந்த ஆல்பங்களில் பிடித்த பத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிக் குறிப்பு. இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் கர்நாடகத்தின் தங்கவயல் பகுதியில், ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் சேகர். இன்னொருவன், ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் எட்டு ஆண்டுகளாக இருக்கும் நான்.

விதியை வகுத்தது ரயிலில். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியபிறகு ஊரில் பாதிப் பேர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவர்கள் ஆனோம். எனக்கு ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் உதவி ஆசிரியர் வேலை. சேகருக்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில், தகடுகளை அழுத்தி உருவாக்கும் பிரஸ் ஷாப்பில், தர ஆய்வாளர் வேலை. என்னிடம் பாட்டு இருந்தது, அவனிடம் இயர்ஃபோன் இருந்தது. ஜன்னலோரம் அவன், பக்கத்தில் நான். இடது காதுக்கானது அவனுக்கு, வலது எனக்கு.

ஆல்பத்தை மதிப்பிட நட்சத்திரக் குறிகள் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஸ்டேஷன்கள் இருந்தன. பங்காருபேட்டைக்குள் சலித்தால் அது குப்பை. மாலூர் வரை தாங்கினால் சுமார். ஒயிட்ஃபீல்டில் இறங்கும்போது, "திரும்ப முதல்லேருந்து போடு, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று சேகர் சொன்னால் அது பட்டியலுக்குத் தகுதி பெற்றது. பெயர்களையும் நாங்களே வைத்துக்கொண்டோம். பாடகர் மாலி நாட்டவரோ மணிப்பூர்க்காரரோ, உண்மைப் பெயரை வாயில் நுழைக்கும் சிரமத்தை சேகர் ஏற்றதில்லை.

ஒரே பாட்டின் இரண்டு பாதிகளைக் கேட்டுக்கொண்டு போனோம் என்பது எங்களுக்குத் தெரியும். ஸ்டீரியோவில் சில கருவிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒலிக்கும். "எம் பக்கம் வயலின் வருது, உன் பக்கம் இன்னா வருது?" என்று அவன் கேட்பான். நான் சொல்வேன். அப்படிப் பத்து ஆண்டுகள்.

பிறகு என் மனைவி கவிதாவுக்கு இங்கே மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்தது. வந்துவிட்டோம். பட்டியல் மட்டும் நிற்கவில்லை. இந்த ஆண்டு வந்தது பதினெட்டாவது.

2

சேகரின் பட்டியல் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டது. நான் அதை டிராமில் படித்தேன்.

இங்கே என் வேலை மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கும் துண்டறிக்கைகளை மெய்ப்புப் பார்ப்பது. "அரிதாகத் தலைசுற்றல், மிக அரிதாகக் காது இரைச்சல்" என்பது போன்ற வரிகள் மூன்று மொழிகளில் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று நாள் முழுக்கப் பார்க்கிறவன். பழக்கதோஷம், நண்பனின் பட்டியலையும் அப்படித்தான் படிப்பேன்.

பெங்களூரில் ஒரு வீட்டு மாடியில் நான்கு பேர் பதிவுசெய்த ஆல்பம் ஒன்று. கன்னடமும் தமிழும் கலந்த பாட்டுகள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'மாடிவீடு'. என் பட்டியலில் அது முதலிடம். சேகர் அதை எட்டாவதாக வைத்து இப்படி எழுதியிருந்தான்: "கிடார்காரன் கெட்டிக்காரன்தான். ஆனா ஒரு வரி வாசிச்சிட்டு சும்மா நிக்கிறான். அப்புறம் இன்னொரு வரி. நடுவுல இன்னாத்துக்கு இவ்ளோ இடைவெளி? யாரையோ எதிர்பார்த்துகினு நிக்கிற மாதிரி."

ஒரு முதிய பியானோ கலைஞரும் ஒரு மிருதங்கக்காரரும் சேர்ந்து செய்த ஆல்பம். எங்கள் பெயர் 'பியானோ ஐயா'. அதற்கு: "ஐயா முக்கால்வாசி இடது கையாலேயே வாசிச்சிருக்காரு. அடிக்கட்டைதான் கேக்குது, மேல் கட்டை எங்கியோ பக்கத்து வீட்டுல கேக்குற மாதிரி. வயசாச்சு, வலது கைக்கு இன்னா ஆச்சோ."

டொராண்டோவில் வளர்ந்த ஈழத்துப் பெண் ஒருத்தியின் ராப் ஆல்பத்துக்கு மட்டும் குறிப்பு வழக்கம்போலக் கூர்மையாக இருந்தது. மூன்றாவது பாட்டில் அவள் மூச்சு எடுக்கும் இடம் தவறியிருப்பதைக்கூடப் பிடித்திருந்தான். அந்த ஆல்பத்தில் குரலும் தாளமும் நடுவில்தான், இரண்டு காதிலும் சமமாக, இருக்கின்றன.

பட்டியலின் கடைசியில் பொதுக் குறிப்பு ஒன்று எழுதுவது மரபு. இந்த ஆண்டு அவன் எழுதியது: "இந்த வருசம் எல்லாரும் அமைதிய வச்சு வாசிக்கக் கத்துகினாங்க. நல்ல மாற்றம்."

என் இறங்குமிடம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். 'மாடிவீடு' ஆல்பத்தில் இடைவெளியே கிடையாது. இரண்டு கிடார்கள் அதில் விடாமல் பேசிக்கொள்கின்றன. ஒன்று கேட்கிறது, மற்றது பதில் சொல்கிறது. அந்த ஆல்பமே அதுதான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடைமேடையில் நின்று அதைப் போட்டேன். ஹெட்ஃபோனின் வலப்பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவைத்தேன். கிடார் ஒரு வரி வாசித்தது. நின்றது. பிறகு இன்னொரு வரி.

சேகர் எழுதியது அட்சரம் பிசகாமல் சரி.

3

செய்தித்தாள் வேலையில், சந்தேகம் வந்தால் முதலில் மிகச் சாதாரணமான காரணத்தைத் தேடு என்பார்கள். இயர்ஃபோன் ஒரு பக்கம் பழுதாகியிருக்கலாம்.

"மச்சான், புது இயர்ஃபோன் வாங்கு. பழசுல ஒரு பக்கம் வராது" என்று செய்தி அனுப்பினேன்.

"போன மாசம்தான்டா வாங்குனேன். சூப்பரா கீது" என்று பதில் வந்தது.

இரண்டாவது காரணம் எனக்குக் கொஞ்சம் கசந்தது. ரயிலில் என் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து வலப்பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். எட்டு ஆண்டுகளாகிவிட்டது, அது நியாயம்தான். ஆனாலும் கேட்டேன்: "பக்கத்துல யாரு உக்கார்றா இப்பல்லாம்?"

"யாரு உக்கார்றா? நிக்கத்தான் எடம். ரெண்டும் எங்காதுலதான் கீது. இன்னா எடிட்டரு, பொறாமையா?"

மூன்றாவது காரணம்தான் மிச்சம். அதைக் கேட்டுச் செய்தி எழுதி, அனுப்பாமல் அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். நான்கு நாள் இப்படி.

சேகரின் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் பாறையில் துளையிடும் இயந்திரம் பிடித்தவர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் மேலே வந்தபிறகும் அந்த இரைச்சல் காதில் மணிக்கணக்கில் இருக்கும் என்பார். ஓய்வு பெறுவதற்குள் காது போய்விட்டது. அவர்கள் வீட்டு டி.வி. மூன்று வீடு தள்ளிக் கேட்கும். ஆனால் சுரங்கக் குடியிருப்பின் அந்த வீட்டு வரிசையில் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். அதனால் காது கேட்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சேகருக்கு இப்போது நாற்பத்தேழு வயது. பிரஸ் ஷாப்பில் இருபத்தோராவது ஆண்டு. பொருள் ஏற்றிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் அங்கே நாள் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். வலது பக்கத்திலிருந்து வருவது அவனுக்குத் தெரியுமா? காலையில் மாரிக்குப்பத்தில் இடம் பிடிக்கத் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து, மறுபக்கக் கதவு வழியாக ஏறுவது எங்கள் எல்லோருடைய வழக்கம். அதை அவன் இன்னும் செய்கிறானா?

விமானம் ஏறிப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. என் வசிப்பிட அட்டை காலாவதியாகி, புதியது வரும்வரை ஒரு தாள் தந்திருக்கிறார்கள். அந்தத் தாளுடன் வெளியே போனால் திரும்பி வர முடியுமா என்று கேட்டதற்கு ஓர் அலுவலர் முடியும் என்றார். அடுத்த மேசையில் இருந்தவர், "நானாக இருந்தால் போக மாட்டேன்" என்றார்.

4

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காது மருத்துவர் இருக்கிறார். ஒரு காது மட்டும் திடீரென்று போகுமா, போனால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க அங்கே தொலைபேசினேன். எட்டு ஆண்டுகளில் என் ஜெர்மன் கடையிலும் வேலையிலும் போதுமான அளவு வருகிறது. தொலைபேசியில், பதற்றத்தில் வருவதில்லை.

"நோயாளி யார்?" என்றார் வரவேற்பில் இருந்த பெண்.

"என் நண்பர். இந்தியாவில் இருக்கிறார்."

"காப்பீட்டு அட்டை இருக்கிறதா?"

"அவர் இந்தியாவில் இருக்கிறார்."

"அட்டையோடு நேரில் வர வேண்டும். எந்தக் காது?"

வலது காது என்றேன். எங்கோ 'அவருடைய' என்பதற்குப் பதில் 'என்னுடைய' என்று சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. என் பிறந்த தேதியைக் கேட்டார், சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். மூன்றாம் நாள் தபாலில், என் பெயரில், ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேரம் ஒதுக்கிக் கடிதம் வந்தது.

அதைப் பிரித்தவள் என் மகள் திவ்யா. பதினாறு வயது. எட்டு வயதில் வந்தவள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள், அவசரமானால் மட்டும் தமிழ். பாட்டும் அப்படித்தான். ஆல்பம் என்ற பொருளே அவளுக்குப் புரிவதில்லை. ஒரு பாட்டைக் கேட்பாள், அடுத்தது எங்கிருந்தோ தானாக வரும். "அவர்கள் வைத்த வரிசையில் நான் ஏன் கேட்க வேண்டும்?" என்று ஒருமுறை கேட்டாள்.

கடிதத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அப்பா, உங்களுக்குக் காது கேட்கவில்லையா?" தமிழில் கேட்டாள்.

எனக்கில்லை என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். பட்டியலைக் காட்டினேன். மாடிவீட்டின் கிடாரை ஒரு காதில் கேட்கச் செய்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இவர் உங்க பெஸ்ட் ஃபிரண்ட்?"

"ஆமாம்."

"பதினெட்டு வருஷமா?"

"இருபதுக்கும் மேலே."

"அவருக்குக் காது கேட்கலைன்னு நீங்க பாட்டை வச்சுக் கண்டுபிடிக்கிறீங்க. ஃபோன் போட்டு, எப்படி இருக்கீங்கன்னு கேட்க மாட்டீங்களா?"

கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவனும் கேட்டதில்லை. என்ன பாட்டுக் கேட்டாய் என்றுதான் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

5

சனிக்கிழமை மதியம், அங்கே மாலை, வீடியோவில் கூப்பிட்டேன். சேகர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா எடிட்டரு, மூஞ்சியெல்லாம் காட்டுற? லிஸ்ட்டுல மிஸ்டேக்கா?"

அவனுக்கு வலப்பக்கம் சமையலறை. உள்ளேயிருந்து அவன் மனைவி மஞ்சுளாவின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஏங்க, டீ ஆறிப்போவுது."

சேகர் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தான்.

"ஏங்க!"

அவன் திரும்பவில்லை. மஞ்சுளா டம்ளரோடு வந்து அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "அப்படியே உங்கப்பா. காதுல வாங்குனாத்தானே? வாங்கண்ணா, நல்லாக்கீறீங்களா? இவர இன்னான்னு கேளுங்க. வரவர எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை சொல்லணும்."

நான் தயாரித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் நினைவுக்கு வரவில்லை. "எந்தக் காதுடா சேகர்?" என்று கேட்டுவிட்டேன்.

"எது எந்தக் காது?"

"கேக்காதது. வலதுதானே?"

மஞ்சுளா போனைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "அழுக்கு அடைச்சிகினு கீதுன்னுதானே சொன்னீங்க? சொட்டு மருந்து ஊத்துனீங்களே?"

"உனக்கு எவன்டா சொன்னான்?" சேகர் என்னைக் கேட்டான். சிரிப்பு போய்விட்டது.

"நீதான். எழுதியே அனுப்பியிருக்கே." அவனுடைய குறிப்புகளை அவனுக்கே படித்துக் காட்டினேன். கிடாரின் இடைவெளி, பியானோ ஐயாவின் இடது கை, எல்லாவற்றையும். "மாடிவீட்டுல கிடார் நிக்கவே இல்லடா. வலது பக்கம் இன்னொருத்தன் வாசிக்கிறான்."

மஞ்சுளா பக்கத்திலிருந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்ப அங்க ரெண்டு கிடாரா கீது?" என்றான் சேகர்.

"ரெண்டு."

"எனக்குத் தோணவே இல்ல பாரு. உன்னாண்ட ஒரு பக்கத்தைக் குடுத்துட்டுப் பத்து வருசம் கேட்டவன் நான். நீ போனப்புறம் ரெண்டு பக்கமும் எனக்கே எனக்குன்னு ஆயிப்போச்சா, சைடுன்னு ஒண்ணு கீறதே மறந்துட்டேன்." டீயை எடுத்தவன் குடிக்காமல் வைத்தான். "அந்த ஐயா கையில இன்னாவோ கோளாறுன்னு வேற எழுதித் தொலைச்சேன்."

பிறகு சொன்னான். ஒரு நாள் காலை எழுந்தபோது வலது காதில் விசில் போல ஒரு சத்தம், மற்றபடி ஒன்றுமில்லை. அழுக்கு என்று நினைத்து ஒரு மாதம் சொட்டு மருந்து விட்டான். பிறகு பங்காருபேட்டையில் ஒரு மருத்துவரிடம் போனான். முதல் வாரமே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றாராம் அவர். இது நடந்தது கோடையில். ஏழு மாதமாக யாருக்கும் தெரியாது.

"எனக்குக்கூடவா?" என்றாள் மஞ்சுளா.

"உன்னாண்ட சொன்னா ஒங்கண்ணனாண்ட சொல்லுவே. ஒங்கண்ணன் ரயில்ல ஒரு பெட்டி பூரா சொல்லுவான். ஃபேக்டரியில பாதிப் பேரு அந்தப் பெட்டியிலதான் வர்றான்."

ஜனவரி இரண்டாம் வாரம் தொழிற்சாலையில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. காதும் பார்ப்பார்கள். ஒரு காது இல்லாதவனை பிரஸ் ஷாப்பில் நிறுத்த மாட்டார்கள். வேறு பிரிவில் இடம் இருந்தால் சரி, இல்லையென்றால் வீடு.

"ஃபோர்க்லிஃப்ட்டு?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை சட்டைக் கையில உரசிகினு போச்சு. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" மஞ்சுளா எழுந்து நின்றுவிட்டாள். "சட்டை மாட்டிகினு கிழிஞ்சிதுன்னு எங்கையிலதானே தைக்கக் குடுத்தீங்க?"

"இதுக்குத்தான்டா சொல்லாம வச்சிருந்தேன்" என்றான் சேகர் என்னிடம்.

பரிசோதனைக்கு என்ன செய்யப்போகிறான் என்று கேட்டேன். அவன் முகத்தில் பழைய களை திரும்பியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் அதிகமானது.

"அது ஈஸிடா. கண்ணாடிக் கூண்டுல உக்கார வச்சி, ஹெட்ஃபோன் மாட்டி, பீப் கேட்டா பட்டனை அமுக்கச் சொல்லுவாங்க. மொதல்ல லெஃப்ட், அப்புறம் ரைட். வருசா வருசம் அதே வேகம், அதே கணக்கு. மூணு பீப், ஒரு மூச்சு விடுற நேரம், மறுபடி மூணு. லெஃப்ட்ல கேட்டு மனசுல வாங்கிகினு, ரைட்டுக்கு அதையே தாளம் போட வேண்டியதுதான். இருபது வருசமா பாட்டுக் கேக்குறவன்டா நான். தப்புமா?"

தப்பாது. அதுதான் என் கவலை. எந்தப் பாட்டிலும் தாளம் அரை மாத்திரை நழுவினால் கண்டுபிடிக்கிறவன் அவன். பரிசோதனையில் தேறிவிடுவான். தேறியபின் மறுநாள் காலை ஷிப்டுக்கு, வலது பக்கம் என்று ஒன்று இல்லாமல், அந்த வண்டிகளுக்கு நடுவில் போய் நிற்பான்.

"அமுக்காதே" என்றேன்.

"நீ அங்க உக்காந்துகினு சொல்லுவே. உனக்கு இன்னா, மாத்திரை டப்பாவுல எழுத்து சரியா கீதான்னு பார்க்கிற வேலை. எனக்கு இந்த வயசுல எவன் குடுப்பான்?"

பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. ஆனாலும் இன்னொரு முறை சொன்னேன். அவன் இணைப்பைத் துண்டித்தான்.

6

ஒரு வாரம் பேச்சில்லை. மஞ்சுளா மட்டும் ஒருநாள் செய்தி அனுப்பினாள்: "தண்டவாளம் தாண்டி ஏற வேணாம்னு சொல்லிட்டேன்ணா. தெனம் ஸ்டேஷன் வரைக்கும் நானே கூடப் போறேன். ஃபேக்டரிக்கு உள்ள எப்படிப் போறது?"

அடைப்பைத் திறந்தவள் திவ்யா. இப்போது வரும் எல்லாப் போன்களிலும், இரண்டு பக்க ஒலியையும் சேர்த்து ஒன்றாக்கித் தரும் மோனோ என்ற அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் ஒரு காதிலேயே முழுப் பாட்டும் வரும் என்றாள். எனக்குத் தெரியாது. அவளே சேகரை வீடியோவில் கூப்பிட்டாள். நான் பின்னால் நின்றேன்.

"வணக்கம் அங்கிள். நான் திவ்யா பேசுகிறேன். தாங்கள் முதலில் அமைப்புகள் என்பதைத் திறக்க வேண்டும்."

"யம்மா, இன்னாம்மா இது, தமிழ் பேசுறியா, ரேடியோவுல நியூஸ் படிக்கிறியா?"

அவள் சிரித்துவிட்டாள். "செட்டிங்ஸ் போங்க அங்கிள்."

"ஆங், இப்ப புரியுது."

ஐந்து நிமிடம் ஆனது. பிறகு, "இப்ப அந்தக் கிடார் பாட்டைப் போடுங்க" என்றாள். அவன் இடது காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். முதல் வரி. அடுத்து வந்ததைக் கேட்டதும் அவன் புருவம் உயர்ந்தது. பாட்டைக் கடைசிவரை ஓடவிட்டான். நான்கரை நிமிடம். இன்னொருவர் ஒரு பாட்டை முழுதாகக் கேட்பதை என் மகள் பார்த்துக்கொண்டிருந்து நான் கண்டதில்லை.

"எல்லாரும் ஒரே கதவுல ஏறுற மாதிரி நெரிசலா கீது" என்றான் சேகர். "ஆனா எல்லாரும் கீறாங்க."

பிறகு திவ்யாவிடமே, "நீயும் ஒரு லிஸ்ட்டு அனுப்பேன்மா" என்றான்.

"நான் ஆல்பம் கேட்கிறதில்லை அங்கிள்."

"பத்துப் பாட்டு அனுப்பு. ஸ்டேஷன் கணக்குல பார்த்துக்கலாம்."

அவள் இன்னும் அனுப்பவில்லை. அனுப்புவாளா என்று நான் கேட்கவும் இல்லை.

நான்கு நாளில் சேகரின் திருத்திய பட்டியல் வந்தது. மாடிவீடு எட்டிலிருந்து இரண்டுக்கு ஏறியிருந்தது. "ஒருத்தன் கேக்குறான், இன்னொருத்தன் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றான். அதிகமா ஒரு வார்த்தை கிடையாது" என்று குறிப்பு. பியானோ ஐயா ஐந்தாம் இடத்தில். அவரிடம் ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டிருந்தான். வேலூர்ப் பக்கத்து பேண்ட் வாத்தியக்காரர்கள் பறையோடு சேர்ந்து செய்த ஆல்பம் மட்டும் நான்காம் இடத்திலிருந்து பட்டியலை விட்டே வெளியேறியது. "மொதல்ல ட்ரம்பெட்டு மட்டும் கேட்டப்ப கம்பீரமா இருந்துச்சு. எல்லாரும் சேர்ந்தா கூச்சல்." அதில் எனக்கு உடன்பாடில்லை. என் பட்டியலில் அது மூன்றாவது. முதலிடத்தில் அவன் வைத்தது டொராண்டோப் பெண்ணை. அந்த ஒன்று மட்டும் இரண்டு பட்டியலிலும் இடம் மாறவில்லை.

பொதுக் குறிப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

7

பரிசோதனை நாளன்று காலை இங்கே பனி. நான் அலுவலகத்தில் ஒரு தூக்க மாத்திரையின் துண்டறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பத்தியை ஆறு முறை படித்தேன். எனக்குப் பத்து மணி என்றால் அவனுக்கு மதியம் இரண்டரை. முடிந்திருக்கும். செய்தி இல்லை. பதினொன்று. இல்லை. மஞ்சுளாவுக்கு எழுதினேன், "எனக்கும் ஒண்ணும் சொல்லலண்ணா" என்று பதில்.

பன்னிரண்டேகாலுக்கு ரயிலிலிருந்து அவனே கூப்பிட்டான். நான் மாடிப்படிக்கு ஓடினேன். பின்னணியில் யாரோ கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டிகினேன்டா" என்றான்.

"இன்னா ஆச்சு?"

"லெஃப்ட்டு முடிஞ்சிது. கணக்கை அப்படியே மனசுல வாங்கிகினேன். ரைட்டு ஆரம்பிக்குதுன்னு அந்த நர்ஸ் பொண்ணு கையைக் காட்டுச்சு. எண்ணுனேன். மூணு அமுக்குனேன். மூச்சு விட்டேன். மறுபடி மூணு. திரும்பிப் பார்த்தா அந்தப் பொண்ணு மிஷினாண்டயே இல்ல. கதவாண்ட நின்னு யாராண்டியோ ஃபாரம் வாங்கிகினு கீது. வந்து ஸ்கிரீனைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. கூண்டைத் திறந்து, 'சார், நான் இன்னும் ஒரு பீப் கூடப் போடலயே, நீங்க எதைக் கேட்டு அமுக்குனீங்க?'ன்னு கேக்குது."

"நீ இன்னா சொன்னே?"

"இன்னா சொல்றது? சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கும் வந்துடுச்சு. அப்புறம் உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ரயில் எங்கோ நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. பெரிய மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். இனி பிரஸ் ஷாப்பில் கால் வைக்கக் கூடாது என்று அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து மாடியில் அளவு பார்க்கும் அறையில் வேலை. அங்கே வண்டிகள் வருவதில்லை. அந்த வேலை நிலைக்குமா, மருத்துவர் அறிக்கை வரும்வரைக்கும்தானா என்பது பற்றி எழுத்தில் எதுவும் தரவில்லை. கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாராம் மேலாளர்.

"மஞ்சுளாவாண்ட சொல்லிட்டியா?"

"நேர்ல சொல்றேன். போன்ல சொன்னா அழுவா, எனக்குப் பாதிதான் கேக்கும்."

இதை எழுதலாமா என்று அடுத்த வாரம் கேட்டேன். எழுது, பேரை மட்டும் மாத்து என்றான். மாற்றியிருக்கிறேன். அறிக்கை இன்னும் வரவில்லை. தினமும் காலை, அங்கே அவனுக்கு மதியம் நெருங்கும் நேரத்தில், நான் எழுந்து முதலில் போனைப் பார்க்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுதுகிறேன். "கீறேன்" என்று ஒரு சொல் வருகிறது.

அன்றைக்கு ரயிலில் கடைசியாக அவன் சொன்னதையும் எழுதச் சொன்னான்: "ஒண்ணு மட்டும் போட்டுக்க எடிட்டரு. என் தாளம் தப்பல. அந்தப் பொண்ணுதான் லேட்டு."